வீட்டில் படிக்கும் பிள்ளையும் ஊர் கேட்கும் ஓலையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பதி, மகனை நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். "பிள்ளை வாழ்க்கையைப் பாழாக்குகிறார்கள்" என்று ஒரு கட்சி. "அவர்கள் பிள்ளை, அவர்கள் இஷ்டம்" என்று இன்னொரு கட்சி. அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

"மெய்கண்டார் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்?" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். திருவெண்ணெய்நல்லூரில் இருந்துகொண்டு அதற்கு எதிர்வாதம் செய்வது கஷ்டம்தான். குலகுருவான அருணந்தி சிவாச்சாரியாரே வயதில் சிறிய மெய்கண்டாரிடம் சீடரானார் என்று சொல்லும் ஊர் இது. ஆனால் அப்படி ஒரு பிள்ளை எத்தனை நூறு வருஷத்துக்கு ஒருமுறை பிறக்கும்? நாம் பேசுவது கழித்தல் கணக்கில் கடன் வாங்க மறந்துவிடுகிற பிள்ளைகளைப் பற்றி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் பத்தாவது பிரிவு. சேர்க்காவிட்டால் அபராதம், சிறை என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை 2012 திருத்தம் வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது. ஆகவே மூன்றாம் மாடிக்குப் போலீஸ் வரும் என்று யாரும் பயப்படவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம்.

சட்டம் ஏன் பள்ளியை இவ்வளவு பிடித்துக்கொள்கிறது? நம் மாநிலத்தில் அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குத் தினமும் கொஞ்ச நேரம்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டில் அப்பா அம்மா செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியர்களிலும் முறை வைத்து அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்புக் காரணம். எதிர்த்தவர்கள் அதற்கு 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. வக்கீல் வீட்டுப் பிள்ளை வீட்டில் கற்பதும், சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை வீட்டில் கற்பதும் ஒன்றாக இருக்காது என்பதுதான் அன்றைய சண்டையின் சாரம்.

வங்கிக் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு தச்சர் வருவார். மரத்தைக் கண்ணால் பார்த்தே எத்தனை கன அடி என்று சொல்லிவிடுவார். நான் பேப்பரில் போட்டுச் சரிபார்ப்பேன், அநேகமாக அவர் சொன்னதுதான் வரும். எல்லாம் அவர் அப்பாவிடம் கற்றது. பணம் எடுக்கும் சீட்டை மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். "சார், கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க." அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது நம் வளாகத்துக்கே வருவோம். நம் வாட்ச்மேன் அண்ணன் மகளும் அந்தப் பையன் வயதுதான். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போகிறாள். நாளைக்கு அவர், "பாப்பாவை நிறுத்திட்டேன் சார், வீட்டிலேயே படிக்குது" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? நானாக இருந்தால் 1098-க்குப் போன் போட்டிருப்பேன். மூன்றாம் மாடி சொன்னால் 'மாற்றுக் கல்வி', வாட்ச்மேன் அறை சொன்னால் 'படிப்பு நின்றுவிட்டது'. இரண்டு கதவையும் ஒரே மாதிரி தட்டித்தான் சட்டம் பார்க்க முடியும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு வீடாக வருவதும் அதற்குத்தான். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகள் இருக்கும் மாவட்டம் நம்முடையது. ஆகவே அவர்கள் வந்து கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

வீடே பள்ளியானால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தான். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கற்றல் இடைவெளியை நிரப்ப 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்களே, அதன் தொடக்க விழா அந்த அக்டோபரில் நடந்தது நம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். செல்போனும் படித்த பெற்றோரும் இருந்த வீட்டுப் பிள்ளை ஏதோ தாக்குப் பிடித்தது. மற்ற பிள்ளைகளுக்காகத்தான் தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் நான் அந்தத் தம்பதிக்கு எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம். பிள்ளையைத் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்று குழுவில் எழுதியவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் என் மகனை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பியவன். பதினொன்றாம் வகுப்பில் அவன் வரலாற்றுப் பிரிவு கேட்டான். நான் அவனைக் கேட்காமலே கணிதப் பிரிவு விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இன்றைக்கு நன்றாகத்தான் சம்பாதிக்கிறான். ஆனால் அந்த விண்ணப்பத்தைப் பற்றி நானும் அவனும் இதுவரை பேசியதில்லை. மூன்றாம் மாடிப் பையனிடம் நான் கேட்டேன், "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று. "கணக்கு பிடிச்சிருக்கு தாத்தா, ஃப்ரண்ட்ஸ்தான் இல்லை" என்றான். அவன் அப்பா அம்மா முன்னிலையிலேயே சொன்னான். சொல்ல முடிகிற வீடு அது.

தம்பதிக்கு நான் சொல்வது காகிதம் பற்றி. நம் ஊர்க் கதை தெரியுமல்லவா? கல்யாணப் பந்தலில் கிழவர் நீட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டார். "மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்று இங்கே கூட்டி வந்து, சபையில் காட்டி, பாட்டனார் கையெழுத்தை ஒப்பிட்ட பிறகுதான் வழக்கு தீர்ந்தது. சிவபெருமானுக்கே ஆவணம் கேட்ட ஊர் இது. உங்கள் பையனிடம் கேட்காமல் விடுமா? பள்ளியில் கொடுத்த டி.சி., எமிஸ் எண், பிறப்புச் சான்று மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். கேட்பவர்களுக்கு நகலைக் கொடுங்கள். அவன் வயதுக்குரிய அரசுப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அப்படியே நடத்த வேண்டாம், ஆனால் பருவத்துக்கு ஒருமுறை எடுத்துவைத்து எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். பன்னிரண்டரை வயதானால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது ஆக வேண்டும். எந்தச் சான்றிதழ் எந்தக் கல்லூரிக்கு, எந்த வேலைக்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நடுவில் அவனே பள்ளிக்குப் போக வேண்டும் என்றால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அதே சட்டத்தின் நான்காவது பிரிவு இடம் கொடுக்கிறது. அவனிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

நம் பங்குக்கு ஒன்று. அவன் பகல் பதினோரு மணிக்குத் தாழ்வாரத்தில் சைக்கிள் ஓட்டினால் "பள்ளிக்கூடம் போகலையா?" என்று ஆளாளுக்குக் கேட்காதீர்கள். ஒரே நாளில் ஏழு பேர் கேட்டதாக அவன் அம்மா கணக்குச் சொன்னார்கள்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார், முடிக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து சங்க அறையில் ஒரு மணி நேரம் வட்டிக் கணக்கும் பற்று வரவும் சொல்லித்தரலாம் என்று இருக்கிறேன். மூன்றாம் மாடிப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வாட்ச்மேன் அண்ணனிடமும் பேசிவிட்டேன், பாப்பா வருவாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவரச் சொல்லுங்கள்.