சென்சாரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

(சங்கக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது. வர இயலாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் முப்பத்துநான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். பழைய கார் வயரிங் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ஆகவே ஒரு கணக்குப்பிள்ளை பேசுவதாகவே கேளுங்கள்.

நம் நான்கு பிளாக்கிலும் சேர்த்துப் பதினைந்து வருஷம் தாண்டிய கார்கள் இருபதுக்குக் குறையாது. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களின் கார்கள். மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி என்று வாரத்துக்கு இரண்டு தடவை எடுப்பார்கள். என்ஜின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திடீரென்று நின்றுவிடும், செக் என்ஜின் விளக்கு எரியும், பிறகு தானாகவே சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டே வருவார்கள். கடைசியில் "வண்டிக்கு வயசாகிவிட்டது சார், கொடுத்துவிடுங்கள்" என்பார்கள்.

சி பிளாக்கில் ஒரு மாமி. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். மாமாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். 2004 மாடல் பெட்ரோல் கார், மாமிதான் ஓட்டுவார். காலையில் போகும்போது ஒன்றும் ஆகாது. மாலையில் களைத்துப்போன மாமாவோடு திரும்பும்போது, ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டிருக்கும் நேரத்தில், சிக்னலில் என்ஜின் அணைந்துவிடும். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பும். ஒரு நாள் மேம்பாலத்தின் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது, பின்னால் தண்ணீர் லாரி. அன்றிலிருந்து மாமி வண்டியைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் கால் டாக்ஸிக்குக் காத்திருந்தார்கள்.

அதற்குள் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி ஒரு தடவையும் கிராங்க் சென்சார் இரண்டு தடவையும் மாறியிருந்தன. அடுத்தது இ.சி.எம். என்கிற கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் என்றார்கள். மாமி அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்தார். ஸ்கேனர் காட்டிய எண் அதில் இருந்தது: பி0335.

இந்த எண்ணின் முழுப் பெயரைக் கவனியுங்கள். "கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் ஏ சர்க்யூட்". சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை, சர்க்யூட் என்றுதான் சொல்கிறது. சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து இ.சி.எம். வரை போகும் வயர், அதன் எர்த், எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். எந்த லெட்ஜரில், எந்தப் பக்கத்தில் என்று அது சொல்லாது. அதற்காக லெட்ஜர் எழுதிய பையனை மாற்றுவார்களா?

அந்தச் சென்சார் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்ஜினோடு சுழலும் ஒரு பல் சக்கரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் காந்தமும் கம்பிச் சுருளும் உள்ள சிறு சென்சார். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு சிறு மின் துடிப்பு கிளம்பும். இ.சி.எம். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் எப்போது பெட்ரோல் விடுவது, எப்போது பொறி கொடுப்பது என்று முடிவு செய்கிறது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது இந்தத் துடிப்பு மிகவும் பலவீனமாக இருக்கும். பக்கத்திலேயே பிளக் வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் போய்க்கொண்டிருக்கிறது. அதன் இரைச்சல் இந்த வயரில் கலந்தால் இ.சி.எம். இல்லாத பல்லையும் சேர்த்து எண்ணிவிடும். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் பொறியை நிறுத்திவிடும், வண்டியும் நிற்கும். இரைச்சல் ஏறாமல் இருக்கத்தான் பல கார்களில் இந்த வயரைச் சுற்றி வலை போன்ற ஷீல்டு போட்டிருக்கிறார்கள். அந்த ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பெரும்பாலும் இ.சி.எம். பக்கத்தில், எர்த்தில் சேர்த்திருப்பார்கள். "நல்லதுதானே" என்று மறுமுனையையும் பாடியில் முறுக்கிவிட்டால் இரைச்சல் கூடும்.

இப்போது எர்த். பழைய கார்களில் பாதி வியாதி இங்கேதான். நம் ஊர்க் கடல் காற்றில் எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும், கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் ஜம்மென்று இருக்கும்.

சோதிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பேட்டரியின் மைனஸ் கம்பத்தில் கறுப்பு முள், என்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் சிவப்பு முள். கிளாம்பில் வைக்காதீர்கள், கம்பத்தின் ஈயத்திலேயே வைக்க வேண்டும். மீட்டரை டி.சி.யில் சிறிய அளவுக்கு வையுங்கள். என்ஜின் ஓட, ஹெட்லைட், ஏ.சி., பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் எர்த்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மைனஸ் குறி வந்தால் கவலை வேண்டாம், அளவுதான் முக்கியம். வெறுமனே ஓம்ஸில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பத்து இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் ஓம்ஸில் நல்ல வயராகத்தான் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் வேஷம் கலையும்.

மாமியின் காரில் 0.6 வந்தது. மீட்டர் இல்லாமலே ஒரு தடயம் இருந்தது. ஹெட்லைட் போட்டால் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் லேசாக மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். விளக்குப் போட்டால் என்ஜின் சூடாகுமா என்ன? உங்கள் காரிலும் இப்படி ஆனால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிய பட்டை போட்டு, அடியில் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவினோம். 0.6 என்பது 0.05 ஆனது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இருந்த தயக்கமும் போயிற்று. பழைய பேட்டரியைப் பாவம் வீணாக மாற்றியிருந்தார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. நான்காவது நாள் மறுபடி நின்றது. ஆகவே அடுத்து சென்சார் வயரை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கையால் தடவிக்கொண்டே போனேன். முன்பு ஏ.சி. வேலை பார்த்தபோது யாரோ அந்த வயரைப் பிளக் வயரோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடருகே எலி கடித்து ஷீல்டு அறுந்திருந்தது. (குப்பை அறைக் கதவை மூடி வையுங்கள் என்று சங்கம் ஏன் கத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.) எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்து ஷீல்டை சால்டர் வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டார். வயரைப் பிளக் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினோம். குறுக்கே போயே ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போலக் குறுக்காகப் போகலாம். கூடவே சேர்ந்து ஓடக் கூடாது. எல்லாமாக 1,400 ரூபாய் ஆயிற்று. ஐந்து மாதமாக மாமிதான் ஓட்டுகிறார்.

இரைச்சல் வேறு இடங்களிலிருந்தும் வரும். பிளக் எண்ணைப் பாருங்கள். பி.பி.ஆர்.6.இ.எஸ். என்பதில் நடுவிலுள்ள "ஆர்" ரெசிஸ்டர் பிளக் என்பதற்கு. அந்த எழுத்து இல்லாத பிளக்கும் பொருந்தும், வண்டியும் ஓடும், ஆனால் இரைச்சல் போடும். ஆல்டர்னேட்டரில் ஒரு டயோடு போனாலும் இரைச்சல் வரும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் டி.சி. 13.5-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். மீட்டரை ஏ.சி.க்கு மாற்றினால் 0.5-க்கு மேல் வரக் கூடாது. என்ஜினை அணைத்துவிட்டு ஏ.சி.யில் வைத்தாலே 20, 30 என்று காட்டும் மலிவு மீட்டர்கள் உண்டு. இந்தச் சோதனைக்கு அவை ஆகாது.

என் வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருக்கிறது. கிரிக்கெட் கமெண்டரிக்காக வாங்கியது. அதை ஏ.எம்.மில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஓடும் என்ஜின் பக்கம் கொண்டுபோங்கள். பிளக் வயர் கசிந்தால் டிக் டிக்கென்று பொரியும். ஆல்டர்னேட்டர் என்றால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ரீங்காரம் உயரும். பிறகு வெளியில் வாங்கிப் பொருத்திய மொபைல் சார்ஜர், எல்.இ.டி. ஹெட்லைட், கூடுதல் ஹாரன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்றினால் குற்றவாளி தெரியாது.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்குச் சுலபமான சோதனை உண்டு, ஆனால் ஸ்கேனர் வேண்டும். கப்ளரைக் கழற்றினால் திரையில் மைனஸ் 40-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு துளைகளையும் சிறு கம்பியால் இணைத்தால் நூற்றுக்கு மேல் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றலாம். நடக்காவிட்டால் புதுச் சென்சார் வாங்கினாலும் பயனில்லை. இது இரண்டு வயர் உள்ள சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் இருந்தால் அதில் ஒன்று 5 வோல்ட், அதை எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது கார்பரேட்டர் காலத்துப் பழக்கம். இ.சி.எம். உள்ள காரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, நல்ல கம்ப்யூட்டரும் போய்விடும். யாராவது கை வைத்தால் தடுத்துவிடுங்கள். பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப்பை சென்சார் வயரில் வைக்க விடாதீர்கள். ஊசியால் வயரைக் குத்தினால் அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றின் பக்கமே போக வேண்டாம். சர்வீஸில் என்ஜினுக்குள் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக, இந்தச் சோதனைகளை நம் பேஸ்மென்டில் செய்யாதீர்கள். ஓடும் என்ஜினின் புகை அங்கே தங்கும், ஆளையே கொல்லும். டி பிளாக் பின்னாலுள்ள திறந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகத்தான் வேண்டும் என்றால், "சென்சாரை மாற்றுங்கள்" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். எப்போது நிற்கிறது, சூட்டிலா குளிரிலா, ஏ.சி. போட்டா, மழையிலா என்று ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். "எர்த்தில் வோல்டேஜ் டிராப் பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். பார்த்திருந்தால் ஒரு எண்ணைச் சொல்வார். கழற்றிய சென்சாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அது நன்றாகவே இருக்கக் கூடும்.

என் மீட்டரைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். ரெஜிஸ்டரில் பெயரும் ஃப்ளாட் எண்ணும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை நான் டி பிளாக் பின்னால்தான் இருப்பேன். பேனட்டைத் திறக்கத் தெரிந்தால் போதும், வண்டியோடு வாருங்கள்.