கள்ளிக்குப் பெயர் வைத்தவர்கள்

மலையகத் தாவரப் பெயர்கள் பற்றிய இந்தக் கருத்தரங்கின் தலைமையை நண்பர்கள் என்னிடம் தந்திருக்கிறார்கள்.

நாம் கூடியிருக்கும் லுணுகலையிலிருந்தே தொடங்குகிறேன். சிங்களத்தில் ‘லுணு’ உப்பு, ‘கல’ கல். உப்புக்கல் தமிழ் நாவில் உருண்டு லுணுகலை ஆகிவிட்டது. பக்கத்து ஹொப்டன் ஆங்கிலப் பெயர். ஒரு பெயரைக் கேட்டால் அதை வைத்தவர் எங்கே நின்று பார்த்தார் என்பது தெரிந்துவிடும். இதைச் சொல்ல ஒரு பாலைவனக் கள்ளியைத் துணைக்கு அழைக்கிறேன்.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிக்கோவின் சொனோராவிலும் வளரும் சகுவாரோ 12 மீற்றருக்கு மேலும் உயரும். முதல் கிளை விடவே 50 முதல் 75 ஆண்டுகள் எடுக்கும்; 150 ஆண்டு தாண்டியும் வாழும். 1848இல் எங்கெல்மன் என்ற தாவரவியலாளர் அதன் உருவத்தைப் பார்த்து ‘ஜைகான்டியஸ்’, அதாவது பூதம் போன்றது, என்று பெயரிட்டார். 1908இல் தாவரவியலாளர்கள் பிரிட்டனும் ரோஸும் அதைத் தனிப் பேரினமாக்கிக் ‘கார்னேஜியா’ என்றார்கள். உருக்கு வணிகத்தில் செல்வம் குவித்த ஸ்கொட்லாந்துக்காரர் அன்ட்ரூ கார்னேகியின் பெயர் அது. அவர் பணத்தில் உருவான நிறுவனம் 1903இல் டூசன் நகரில் பாலைவன ஆய்வுகூடம் அமைத்திருந்தது. கள்ளி அந்தக் கடனைத் தன் பெயரால் அடைத்தது.

சகுவாரோ என்பது ஸ்பானியர் வாய்வழி வந்த சொல். அந்த மண்ணின் டொஹோனோ ஓஓதம் மக்கள் அதை ஹாஷான் என்கிறார்கள். ஜூன், ஜூலையில் நீண்ட கழியால் அதன் பழத்தைத் தட்டி இறக்குவார்கள். பழம் பறிக்கும் காலமே அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. அதில் மது வடித்து மழையைக் கூப்பிடுவார்கள். கார்னேஜியா என்ற பெயரில் கொடையாளி இருக்கிறார். ஹாஷான் என்ற பெயரில் ஒரு வருஷத்துச் சீவியம் இருக்கிறது.

சகுவாரோவை நானும் ‘கள்ளி’ என்றே சொல்லி வருகிறேன். அதையும் விசாரிக்க வேண்டும். நம் முன்னோர் கள்ளி என்றது ஒடித்தால் பால் வடியும் சதுரக்கள்ளி போன்றவற்றை. அவை யூபோர்பியா இனம். சகுவாரோவின் கக்டஸ் குடும்பத்துச் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. வெட்டினால் பால் வராது. சிங்களவர் சதுரக்கள்ளியைத் தளுக் என்றும் சப்பாத்திக்கள்ளியைப் பத்தொக் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நாமோ முள்ளையும் சதைப்பற்றையும் பார்த்து, வந்ததையும் கள்ளி வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம். இதைப் பிழை என்று சொல்லத் தயங்குகிறேன். ‘கக்டஸ்’ என்ற சொல்லும் கிரேக்கர் தங்கள் ஊர் முட்செடி ஒன்றுக்கு வைத்திருந்ததுதான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதை எடுத்து அமெரிக்கச் செடிகளுக்குச் சூட்டினார்.

அதே 1753இல் அதே லின்னேயஸ் நம் பக்கத்துச் சொல் ஒன்றையும் எடுத்தார். யூபோர்பியா திருக்கள்ளி! ஒல்லாந்தரான வான் றீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்த் தாவர நூலில் அந்தப் பெயர் பதிவாகியிருந்தது. அந்த நூலுக்கு மருத்துவ அறிவை வழங்கியவர்களில் ஒருவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். செடியின் பூர்வீகம் ஆபிரிக்கா. பெயர் மலபார்க் கரை. வைத்தியரிடம் ஒருவர் கேட்டு எழுதினார். அதனால் அந்தச் சொல் உலகம் முழுவதும் நிலைத்தது.

நமக்கான வேலை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே இயற்கையாக வளரும் கக்டஸ் ஒன்றே ஒன்று. றிப்சாலிஸ் பக்சிபெரா என்ற அது ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் உண்டு. சகுவாரோவின் உறவு என்றால் நம்ப மாட்டீர்கள். இலையில்லை; வளர்ந்த கொடியில் முள்ளுமில்லை. மெல்லிய பச்சைக் கயிறுகளாக மரக்கிளையிலிருந்து தொங்கும். முத்துப்போல் வெள்ளைப் பழம் காய்க்கும்.

விறகுக்குக் காட்டோரம் போன அம்மாமார் யாரேனும் அதைக் கண்டிருப்பீர்கள். கண்டவர்கள் ஏதோ ஒரு பேர் சொல்லியிருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுந்து அந்தப் பேரைச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளப் பின்வரிசைப் பிள்ளைகள் கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். முதல் அமர்வைத் தொடக்கி வைக்கிறேன்.