கல்லும் சொல்லும் ஒன்றல்ல

(மன்னவனூரில் இளம் நாடகக் கலைஞர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் குளிரில் காலையிலிருந்து பயிற்சி எடுத்துக் களைத்திருப்பீர்கள். சுருக்கமாகவே பேசுகிறேன். "நம் நாடகத்தை மோசம் என்று விமர்சகர்கள் எழுதினால் என்ன செய்வது?" என்று நேற்றிரவு ஒரு தோழர் கேட்டார். நான் செய்த ஒரு தவறிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆணவக் கொலை பற்றி ஒரு நாடகம் போட்டோம். ஒரு விமர்சகர் எழுதினார்: "முழக்கம் இருக்கிறது, நாடகம் இல்லை. கொல்லப்படும் பெண்ணுக்கு ஒரு வசனம்கூட இல்லை." முதல் வரியிலேயே எங்களுக்குக் கொதித்துவிட்டது. அவர் என்ன சாதி என்று தேடினோம், கிடைத்தது. அதையே பதிலாக எழுதினோம். எழுதியவன் நான்தான். தோழர்கள் பாராட்டினார்கள். அவருடைய கடைசி வரியை யாருமே கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் இதே மலையில், பூண்டு காயவைக்கும் ஒரு களத்தில் அந்த நாடகத்தைப் போட்டோம். முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார்: "ஏப்பா, அந்தப் புள்ள சாகுறதுக்கு மட்டுந்தான் வந்துச்சா? எங்க புள்ளைகளுக்கு வாயில்லையா?"

விமர்சகர் சொன்னதும் இதுதான். இந்த அம்மாவுக்கு என்ன பதில் எழுதுவது? பிறப்பை வைத்து மனிதரை எடைபோடாதே என்று மேடையில் பேசிவிட்டு, மேடைக்குக் கீழே நான் அதையேதான் செய்திருந்தேன்.

இதைச் சொல்வதால், விமர்சனத்தில் சாதி இல்லை என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். பறையை இரைச்சல் என்றும், நம் பேச்சைக் கொச்சை என்றும், நம் அரசியலைப் பிரச்சாரம் என்றும் ஒதுக்கும் ரசனைக்குப் பின்னால் சாதி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவர் எழுதியதை எடுத்துவைத்து, அதில் எது ஆதிக்கம் என்று காட்டிப் பதில் சொல்லுங்கள். அவர் எங்கே பிறந்தார் என்பது பதில் ஆகாது.

தடையும் விமர்சனமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை எதிர்கொள்ள அன்றைய அரசு 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது. ராதா பணியவில்லை. நாடகக்காரர் ஞாநி தொடர்ந்த வழக்கில்தான், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அந்த அடக்குமுறையை எதிர்க்க வேண்டிய கோபத்தை, பத்து வரி எழுதிய ஒருவர்மீது கொட்டிவிட்டு, 'நானும் ராதாதான்' என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நம் நாடகம் நம்மையும் கேள்வி கேட்டிருக்கிறது. கே.ஏ.குணசேகரனின் 'பலி ஆடுகள்' சாதி ஆதிக்கத்தோடு நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே பெண் பலியாவதையும் பேசியது. தலித் அரங்கின் தொடக்கத்திலேயே இந்தத் துணிவு இருந்தது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். விமர்சனம் வந்தால் ஒரு வாரம் யாரும் பதில் எழுதுவதில்லை. அந்த நாடகத்தில் நடிக்காத ஒருவர் அதைச் சத்தமாகப் படிப்பார். எது நம்மை இழிவு செய்கிறது, எது நம் வேலையில் இருக்கும் ஓட்டையைக் காட்டுகிறது என்று பிரிப்போம். முதலாவதற்குக் கட்டுரையில் பதில் சொல்வோம். இரண்டாவதற்கு அடுத்த ஒத்திகையில்.

இன்னொன்று, நீங்களும் விமர்சனம் எழுதுங்கள். நம் குழுக்களின் நாடகங்களைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். நம்மைப் பற்றி யாரோ எழுதட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு கோபப்படுவதில் பயனில்லை.

அந்த நாடகத்தில் இப்போது அந்தப் பெண் பேசுகிறாள், சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். அந்த விமர்சகரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

இன்றிரவு உங்கள் நாடகத்தைப் பார்க்க ஊர்மக்கள் வருகிறார்கள். கைதட்டல் முடிந்ததும் ஒப்பனையைக் கலைக்க ஓடாதீர்கள். அவர்களோடு உட்காருங்கள். என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.