முன்செல்லும் ஒருவரும் உடன்செல்லும் எழுவரும்



பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும், எல்லைக் கோட்டை முதலில் தாண்டி இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் வீரனின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. இன்று நான் பேச வந்தது அவ்வீரனைப் பற்றியன்று. அவனை அக்கோடுவரை கொண்டு சேர்ப்பவர்களைப் பற்றியாகும்.

பிரான்ஸ் நாட்டில் கோடைக்காலத்தில் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் சைக்கிள் பந்தயத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 'லோட்டோ' என்ற நாளிதழின் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச் என்பவரின் தலைமையில் 1903ஆம் ஆண்டு அது தொடங்கியது. அவ்வாண்டு 60 பேர் புறப்பட்டனர். 2,428 கிலோமீட்டர் கடந்து முடித்தவர்கள் 21 பேர் மட்டுமே. இன்று அப்பந்தயம் மூன்று வாரங்களில் 21 கட்டங்களாக, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடைபெறுகிறது. ஆல்ப்ஸ், பிரனீஸ் ஆகிய பெருமலைகளின் கணவாய்களில் ஏறி இறங்க வேண்டும். வெயில், மழை, மலையுச்சியின் குளிர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காண்பதும் உண்டு.

தொடக்கக் காலத்தில் ஒருவருக்கொருவர் உதவக் கூடாது என்பது விதி. அதன் கடுமையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1913ஆம் ஆண்டு, தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜீன் கிறிஸ்டோப் என்னும் வீரரின் சைக்கிளில் முன் சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்துவிட்டது. வண்டியைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செயின்ட் மரீ த கம்பான் என்ற சிற்றூரின் கொல்லுலைக்கு வந்தார். பிறர் கைபடாமல் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து அதனைச் செப்பனிட்டார். உலையின் துருத்தியை ஒரு சிறுவன் இயக்கினான். அதனையும் உதவி என்று கருதி, அவருடைய கணக்கில் தண்டனை நிமிடங்களைச் சேர்த்தனர்! முன்னணியில் இருந்த அவர் மணிக்கணக்கில் பின்தங்கிப் போனார்.

ஆனால் இயற்கையின் விதி வேறாக இருந்தது. வேகமாகச் செல்லும் சைக்கிளைச் சமநிலத்தில் பெரிதும் தடுப்பது காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். முன்னே செல்பவன் காற்றைக் கிழித்துச் செல்ல, அவன் பின்சக்கரத்தை ஒட்டிச் செல்பவனுக்கு அத்தடை வெகுவாகக் குறைகிறது. அவன் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவே தனியே செல்பவனைவிடத் துணையோடு செல்பவனே வலியவன் என்பது பௌதிகம் கூறும் உண்மை. இதனை ஒட்டியே பந்தயமும் படிப்படியாகக் குழுப் போட்டியாக மாறியது. 2018 முதல் ஒரு குழுவில் எட்டு வீரர்கள் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் தலைவர். எஞ்சிய எழுவரும் பெரும்பாலும் அவருக்காக உழைப்பவர்கள்.

அவர்கள் செய்யும் பணி யாது? எதிர்காற்றில் முன்னே நின்று காற்றைத் தாங்குகின்றனர். பின்னே வரும் குழுவின் காருக்குச் சென்று, சட்டைக்குள்ளும் பைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளைத் திணித்துக்கொண்டு, மீண்டும் முன்னணிவரை விரைகின்றனர். தலைவரின் சக்கரம் பழுதானால் தம்முடையதைக் கழற்றித் தருகின்றனர். மலையேற்றத்தில் தம் வலிமை தீரும்வரை இழுத்துச் சென்று, பின்னர் விலகி விடுகின்றனர். அத்துடன் பணி முடிந்துவிடுவதில்லை. குறித்த நேர வரம்புக்குள் வந்து சேராதவர் மறுநாள் பந்தயத்தில் கலந்துகொள்ள இயலாது. ஆதலால் தம் வலிமையில் எவ்வளவு ஈயலாம், எவ்வளவு காக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டே செலவிட வேண்டும். சாலையோரம் நின்று உணவுப் பையை நீட்டுபவர், இரவில் சைக்கிளைச் செப்பனிடுபவர், சோர்ந்த கால்களைப் பிடித்து விடுபவர் ஆகியோரும் இத்தொண்டர் வரிசையில் சேர்ந்தவர்களே.

இவர்களுள் புகழ்பெற்றவர் ரெனே வியட்டோ. 1934ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அவருக்கு வயது 20. மலையேறுவதில் நிகரற்றவர், அவ்வாண்டு நான்கு கட்டங்களில் வென்றவர். ஆனால் பிரெஞ்சுக் குழுவில் முதலிடத்தைக் குறிக்கும் மஞ்சள் சட்டையை அணிந்திருந்தவர் அன்டோனின் மான்யே. பிரனீஸ் மலையில் புய்மொரான்ஸ் கணவாயின் இறக்கத்தில் மான்யே விழுந்து, அவருடைய சக்கரம் உடைந்தது. வியட்டோ தம் முன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கற்சுவரின்மேல் அமர்ந்து உதவி வண்டிக்காகக் காத்திருந்தார். கண்ணீருடன் அவர் அமர்ந்திருந்த புகைப்படம் பிரான்ஸ் முழுவதும் பரவியது. மறுநாளும் மான்யேவின் வண்டி பழுதுற்றது. அதனை அறிந்த வியட்டோ, இறங்கிய மலைப்பாதையிலே திரும்பி ஏறிச் சென்று தம் சைக்கிளையே ஈந்தார். மான்யே பந்தயத்தை வென்றார். வியட்டோ ஐந்தாம் இடத்தையும், மலையேற்றத்திற்கு உரிய பரிசையும் பெற்றார்.

"அச்சக்கரத்தைக் கொடாதிருந்தால் வியட்டோவே வென்றிருப்பார்" என்று பலரும் கூறுவதுண்டு. கணக்கு அதற்கு இடந்தரவில்லை. இறுதியில் அவர் மான்யேவைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தார். சுவரின்மேல் காத்திருந்தது சில நிமிடங்களே. அவர் இழந்தது மகுடமன்று. ஆயின் அதனால் அவர் செயலின் மதிப்புக் குறைந்துவிடுமா? குறையாது என்பேன். பெரும்பரிசை இழந்தால்தான் தியாகம் என்று கொள்வது, தியாகத்தையும் பரிசைக் கொண்டே அளப்பதாகும். அன்று, அந்த இடத்தில், குழுவுக்கு வேண்டியிருந்தது ஒரு சக்கரம். அது அவரிடம் இருந்தது, கொடுத்தார். கண்ணீர் வந்தது, ஆயினும் மறுநாளும் கொடுத்தார். இளமை வேட்கையும் கடமையும் ஒரே நெஞ்சில் மோதியபோது கடமை வென்றது என்பதற்கு அக்கண்ணீரே சான்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒருவர் வெல்லப் பலர் உழைப்பது நீதியாகுமா? இத்தகைய வீரரைப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்பர். வீட்டு வேலையாள் என்பது பொருள். இகழ்ச்சியாகத் தோன்றிய சொல் அது. அவ்விகழ்ச்சியை மாற்றியவை இரண்டு. ஒன்று, வென்ற தலைவர் தம் பரிசுப் பணத்தைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளும் வழக்கம். மற்றொன்று, இன்று உழைப்பவர் நாளை தலைவராகலாம் என்னும் வாய்ப்பு. பங்கும் வாய்ப்பும் உள்ள இடத்தில் உழைப்பு தொண்டாகும்; அவை இல்லாத இடத்தில் அதுவே அடிமைத்தனமாகும். தொண்டு செய்பவனுக்கு எவ்வளவு கடமை உண்டோ, தொண்டைப் பெறுபவனுக்கு அதனினும் மிகுதியான கடமை உண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பரிசளிப்பு விழாவில் மேடையேறும் மாணவரைக் கைதட்டி வாழ்த்துகிறோம், வாழ்த்த வேண்டியதே. ஆனால் அவருக்குக் கணக்கை விளக்கியவர், தம் குறிப்பேட்டைக் கொடுத்து உதவியவர், வீட்டு வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டு தம்பியைப் படிக்க விட்ட தமக்கையார் ஆகியோர் கீழே அமர்ந்திருக்கின்றனர். நீங்கள் மேடையில் நிற்கும் நாளில் அவர்களைத் தேடிப் பாருங்கள். பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். கீழே அமர்ந்திருக்கும் நாளில் தலைநிமிர்ந்து அமருங்கள். காற்றை யாரோ ஒருவர் முன்னே தாங்கியதால்தான் அந்த வெற்றி கைகூடியது. அந்த ஒருவர் நீங்களாக இருப்பதும் பெருமையே.