உடன்பிறந்தவரின் மஜ்ஜை ஏன் பொருந்துகிறது?

இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது என்று முடிவானால், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மருத்துவர் கேட்பார். இரத்தப் பிரிவு ஒன்றாக இருந்தால் போதாதா என்று குடும்பத்தார் திகைப்பார்கள். இரத்தப் பிரிவு ஒத்திருப்பது இங்கே கட்டாயம்கூட இல்லை. பொருந்த வேண்டியது திசு வகை.

உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்களே திசு வகையைத் தீர்மானிக்கின்றன. மாற்றிவைத்த உறுப்பை உடல் நிராகரிப்பது இவற்றால்தான் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் இயற்கையில் யாரும் யாருக்கும் சிறுநீரகம் பொருத்துவதில்லையே! பிறகு இவை எதற்கு?

விடை ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் கிடைத்தது. 1973இல் அங்குள்ள ஜான் கர்ட்டின் மருத்துவ ஆய்வுப் பள்ளிக்கு சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோல்ஃப் சிங்கர்நாகல் வந்தார். இடநெருக்கடியால் பீட்டர் டோஹர்ட்டியின் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கும் இடம் தரப்பட்டது. டோஹர்ட்டி படித்ததோ கால்நடை மருத்துவம்! இருவரும் சுண்டெலிகளுக்கு ஒரு கிருமியைச் செலுத்தி, அவற்றின் ‘டி’ அணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அதே கிருமி புகுந்த மற்ற உயிரணுக்களோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். திசு வகை ஒத்த உயிரணுக்களை ‘டி’ அணுக்கள் கொன்றன. வேறு திசு வகையாக இருந்தால், கிருமி உள்ளே இருந்தும் தொடவே இல்லை.

அதாவது, ‘டி’ அணு கிருமியைத் தனியாகக் கண்டுகொள்வதில்லை. கிருமி புகுந்த உயிரணு, கிருமியின் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி, தன் திசு வகைப் புரதத்தின் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டுகிறது. தட்டில் வைத்து நீட்டுவது போல. தட்டு சொந்தமாகவும் அதில் இருப்பது அந்நியமாகவும் இருந்தால்தான் ‘டி’ அணு தாக்கும். 1974இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு 1996இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

தட்டே வேறாக இருந்தாலோ, பெரும்பாலும் அதையே பகை என்று எடுத்துக்கொள்ளும். மஜ்ஜை மாற்றில் இது ஆபத்து. புது மஜ்ஜையிலிருந்து வரும் ‘டி’ அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும்.

திசு வகையில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. அதனால் ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 விழுக்காடு. பெற்றோர் பெரும்பாலும் பாதிதான் பொருந்துவார்கள். இப்போது தக்க மருந்துகளின் துணையோடு பாதிப் பொருத்தத்திலும் மாற்றுகிறார்கள் என்றாலும், முழுப் பொருத்தத்தையே முதலில் தேடுவது வழக்கம்.

குடும்பத்தில் கிடைக்காவிட்டால் கொடையாளர் பதிவேடுதான் வழி. சிங்கப்பூரில் அத்தகைய திட்டம் 1993இல் தொடங்கியது. திசு வகை பெரும்பாலும் ஒரே இனத்தாரிடையே பொருந்துவதால், இந்திய நோயாளிக்கு இந்தியர்களின் பதிவுதான் அதிகம் கைகொடுக்கும். பதிவுக்கு ஊசிகூடத் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.