உப்பளத்துச் செந்நீர்



புத்தளம் களப்பை அடுத்து, பாலாவியில் கதிரவன் துணைகொண்டு உப்பு விளைவிக்கப்படுகிறது. இத்தகைய உப்பளங்களில் வெயில் ஏறி உவர் முற்றும்போது, பாத்தி நீர் சிவப்பதுண்டு. கற்பிட்டிப் பக்கத்தில் உப்பிட்டு வைக்கும் கருவாடும் ஈரம் தங்கினால் செந்நிறம் கொள்ளக்கூடும். இரண்டிற்கும் காரணமாவன உப்பையே உறைவிடமாகக் கொண்ட நுண்ணுயிர்கள். அவை வெயிலில் விளைந்த உப்போடு கருவாட்டிற்கு வருகின்றன. ஆகவே உப்பு மட்டும் காவலாகாது. நன்றாக உலர்த்தி, ஈரம் படாது பேணுதலும் வேண்டும்.

இவ்வினத்தைச் சேர்ந்த ஹலோபாக்டீரியத்தின் மென்சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்று உண்டு. அது ஒளியால் இயங்கும் என்பதை ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கனியஸ் ஆகியோர் அறிவித்தனர். வெயில் பட்டதும் அது புரோத்தன்களைக் கலத்திற்கு வெளியே தள்ளும். அவை திரும்பிப் பாயும் விசையைக் கொண்டு கலம் தனக்கு வேண்டிய சக்தியைப் பெறும். 248 அமினோ அமிலங்கள் கோத்த இச்சரம், மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பதை 1975இல் ஹென்டர்சனும் அன்வினும் காட்டினர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. மென்சவ்வு எண்ணெய்த் தன்மையது. அதனுள் அமையும் ஏழு துண்டங்களும் நீரை வெறுப்பவை. புரதமோ கலத்தின் நீர்ப்பகுதியில் உருவாகிறது. அங்கேயே முழுமை பெற்றால் அது திரண்டு பயனற்றுப் போகாதா?

கலம் கையாளும் வழி வியப்பானது. ஆக்கியபின் நடுவதில்லை, ஆக்கும்போதே நடுகிறது! புரதம் கோக்கும் பொறியாகிய ரைபோசோமிலிருந்து நீரை வெறுக்கும் முதல் துண்டம் தலைகாட்டியவுடன், ஏவலாள் போன்றதொரு துணிக்கை அதனைப் பற்றி, ரைபோசோமோடு மென்சவ்விற்கு அழைத்துச் செல்கிறது. அங்கே ஒரு வாயில் உண்டு. அது பக்கவாட்டிலும் திறக்கும். அவ்வழியே துண்டங்கள் மென்சவ்வினுள் நழுவி அமைகின்றன. புரதங்கள் தாம் சேருமிடத்தின் முகவரியைத் தம்முள்ளேயே தாங்குகின்றன என்று கண்ட குந்தர் புளோபல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் உடற்கலங்களிலும் இம்முறையே நிகழ்கிறது. அமைப்புப் பிழைத்தால் நோய் விளையும். சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில், பெரும்பாலும் ஒரேயோர் அமினோ அமிலம் குறைவதால் குளோரைட்டைக் கடத்தும் புரதம் சரிவர மடியாது, கலத்தின் மேற்பரப்பை அடையுமுன்பே அழிக்கப்படுகிறது. நுரையீரலில் சளி தடித்து அடைக்கிறது. அப்புரதம் மடியத் துணைசெய்யும் மருந்துக் கூட்டொன்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உவர் நீரின் சிற்றுயிரும் மனிதனின் நுரையீரலும் பின்பற்றும் நியதி ஒன்றே.