நம் மலைநாட்டுக் குழந்தைகளும் தடுப்பூசியும்



சமயமும் தமிழும் முழங்கும் இம்மேடையில் குழந்தைகளுக்கு ஊசி போடும் விஷயத்தைப் பேசவேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி அம்பாளை வேண்டிய பரம்பரையில் வந்தவர்கள் நாம். அம்மைப்பால் குத்தும் வழக்கம் 1802-இலேயே இலங்கைக்கு வந்தது. பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் மாரியம்மன் கோயில் திருவிழா எதுவும் நின்றுவிடவில்லை. ஆகவே கூச்சமின்றிப் பேசலாம்.

1978-இல் நம் நாட்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பல ஆண்டுகளாக 100 சிசுக்களில் 99 பேரளவில் முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணைகளையும் பெற்றுவருகின்றனர். இப்பெருமை பெரிய ஆஸ்பத்திரிகளை விட, வீடு வீடாக நடந்து செல்லும் மருத்துவ மாதுக்களுக்கே உரியது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறை அது.

அண்டை நாட்டைப் பாருங்கள். 2019-21 குடும்பநல ஆய்வின்படி, ஒரு வயது கடந்த குழந்தைகளில் எல்லா ஊசிகளும் பெற்றோர் ஒடிசாவில் 100-க்கு 90-க்கு மேல். நாகாலாந்திலோ 58 மட்டுமே. தமிழ்நாட்டின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. 1998-99-இல் ஏறக்குறைய 89 ஆக இருந்த எண்ணிக்கை, 2005-06-இல் 81 ஆகி, 2015-16-இல் 70-க்கு இறங்கிற்று. பின்னரே மீண்டும் 89-க்கு ஏறிற்று. 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஊசி போட்ட பின் நான்கு சிசுக்கள் இறந்தன. அதன்பின் கிராமத்திற்கே வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரச் சொன்னார்கள். இறங்குமுகம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தாலும், ஊசி கிராமத்தைவிட்டு விலகியதும் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். தாய்மார் எப்படி மாறாமலிருந்தாலும் தூரம் மாறினால் கணக்கு மாறிவிடுகிறது.

தூரம் என்றதும் நம் கண்டி மாவட்டம் நினைவுக்கு வருகிறது. சின்னமுத்து ஒழிந்த நாடென 2019-இல் பெயர் பெற்ற இலங்கையில் 2023-இல் அந்நோய் மீண்டும் பரவிற்று. 2024 ஜனவரியில் ஆபத்து மிக்கவை எனக் குறித்த ஒன்பது சுகாதாரப் பிரதேசங்களில் 6 முதல் 9 மாதச் சிசுக்களுக்கு மேலதிக ஊசி போட்டார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், கல்முனை ஆகியவற்றோடு கண்டியும் அதில் ஒன்று. முறைப்படி இவ்வூசி 9 மாதத்தில் முதலும் 3 வயதில் இரண்டாவதுமாகும். அதற்கு முந்திய சிசுவுக்குச் சுற்றியிருப்போர் ஊசி பெற்றிருப்பதே கவசம். 100-க்கு 95 பேராவது பெற்றிருந்தாலன்றி அக்கவசம் நிற்காது.

நகரத்துத் தாய் பஸ் ஏறி கிளினிக் போய் மதியத்திற்குள் திரும்பிவிடுவாள். தெல்தோட்டை, கலஹா, பன்விலைப் பக்கத்து மலைத்தோட்ட லயத்திலிருக்கும் தாய்க்குக் கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் போய்விடும். ஒரு பேரின் மதிப்பை இங்குள்ள பெரியோர் பலர் அறிவர். தாயும் தகப்பனும் கொழும்பில் வேலைக்கிருக்க, பாட்டியிடம் வளரும் சிசுக்களும் உண்டு. அட்டையில் குறித்த தேதியைப் பாட்டியால் வாசிக்க முடியவில்லை. தமிழறியாத மருத்துவ மாதிடம் கேட்கவும் நா எழவில்லை. மாவட்டத்தின் சராசரியில் இவர்கள் தென்படமாட்டார்கள்.

பாட்டிமாருக்கு ஒன்று சொல்வோம். இலேசான தடிமன் இருந்தால் ஊசியைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. தவணை தப்பினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘ஏசுவார்கள்’ என்று அஞ்சிப் போகாமலிருப்பதுதான் பெருங்கேடு.

வாலிப அன்பர்கள் செய்யக்கூடியது சிறிய வேலையே. ஒவ்வொரு தோட்டத்தின் கிளினிக் தேதியையும் தமிழில் எழுதிப் பிள்ளைக்காம்பராக் கதவில் ஒட்டலாம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிவில் கோயிலில் வாசிக்கலாம். கிளினிக் நாளில் தாய்மாரின் பேரை வெட்டாதிருக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் பெரியோர்கள் பேசவேண்டும். அதை இளைஞர் பேசினால் எடுபடாது. சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திற்குச் சென்று தேதிகளைப் பெற்றுவர முன்வருவோர், இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.